திருமலை வரைபடத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

#1 உவர்மலையான்

எல்லாருக்கும் வணக்கம். ஆரும் வரையலாம் எண்ட திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில எங்கட திருகோணமலையைத் திறந்து பாருங்கோ. வானத்திலிருந்து தெரியிறதெல்லாம் அநேகமா வந்திட்டுது. கந்தளாயால போற ஏ6, அநுராதபுரம் பக்கம் போற ஏ12, மட்டக்களப்புக்குப் போற ஏ15 எண்ட பெரிய வீதிகள், துறைமுகத்தின்ர கரை, குளங்கள் எல்லாம் இருக்குது. நடந்து திரியிற ஆக்களுக்கு மட்டும் தெரிஞ்ச விசயங்கள்தான் இல்லை.

ஒரு உதாரணம் சொல்லுறன். மட்டிக்களியில ஒரு ஒழுங்கை. வரைபடத்தில அது பாதியில நிண்டு போகுது. செய்மதிப் படத்தில அந்த இடத்தில ரெண்டு மாமரமும் ஒரு வேம்பும் அடர்ந்து மூடி நிக்குது, வரைஞ்சவருக்குக் கீழ என்ன இருக்குதெண்டு தெரிய வழியில்லை. உண்மையில அந்த வேம்புக்குக் கீழ ஒழுங்கை இடப்பக்கம் முடங்கி, கானுக்கு மேல போட்ட கொங்கிறீட் மூடியைத் தாண்டி, பின்வீதியில ஏறுது. ஓட்டோ போகும், வான் போகாது. மாரியில கான் நிரம்பினா ஓட்டோவும் போகாது. அந்த ஒழுங்கையில இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். போன மாரியில அங்க ஒரு ஐயாவுக்கு இரவில நெஞ்சு நோ வந்தது. அம்புலன்ஸ் பெரிய வீதியில நிண்டு திரும்பத் திரும்ப போன் அடிச்சு வழி கேட்டது. கடைசியில பொடியள் அவரைக் கதிரையில இருத்தித் தூக்கிக்கொண்டு ஓடினாங்கள்.

ஒரு சின்னக் குழுவாச் சேர்ந்து ஊருக்குள்ள நடந்து தகவல் சேர்க்கலாமெண்டு யோசிக்கிறம். என்ன சேர்க்கிறது, எங்கயிருந்து தொடங்கிறது, எதைத் தொடக் கூடாது எண்டு எல்லாரும் சொல்லுங்கோ.

#2 நிலாவெளி_தம்பி

அண்ணா, நல்ல விசயம்தான், ஆனா எனக்கு ஒரு கேள்வி. கூகிள் மேப்பில எங்கட ஹோட்டல், கடை எல்லாம் இருக்குது. வெளிநாட்டுக்காரரும் அதைப் பாத்துத்தான் வருகினம். அங்கயே விடுபட்டதைப் போட்டாப் போதாதா? ரெண்டு இடத்தில ஏன் ஒரே வேலையைச் செய்ய வேணும்?

#3 வரைகோல்

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பலர் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஒதுங்கிப் போகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

2008 இல் கூகிள் ‘மேப் மேக்கர்’ என்று ஒன்றைத் தொடங்கியது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஏராளமான தன்னார்வலர்கள் தங்கள் ஊர் வீதிகளை இரவிரவாக வரைந்து கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். வரைந்தவர்கள் கொடுத்த தரவு நிறுவனத்திடம் இருக்கிறது. அதைத் தரவிறக்கி எங்கள் பிரதேச செயலகத்துக்கோ, பாடசாலைக்கோ, ஒரு மீட்புக் குழுவுக்கோ கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அங்கும் அரசு வரைபடத்தைப் பயன்படுத்தக் காசும் அனுமதியும் தேவைப்பட்ட காலம் அது. அதனால்தான் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், நாங்களே நடந்து அளந்து வரைவோம் என்று இறங்கினார். இன்று அதன் தரவு முழுவதையும் யாரும் இறக்கலாம், அச்சிடலாம், செயலி செய்யலாம். 2012 முதல் அதற்கு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மேம்படுத்திய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் இதை வைத்துத்தான் இணையமில்லாமல் வழி காட்டுகின்றன. புயலில் கோபுரம் விழுந்து சிக்னல் போனாலும் போனில் வரைபடம் இருக்கும்.

ஹோட்டலை கூகிளில் போடுங்கள், தடையில்லை. அது வியாபாரம். கிணறும் ஒழுங்கையும் ஊர்ச் சொத்து, அது ஊர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

ஒரு கண்டிப்பான விதி: கூகிளில் பார்த்து இங்கே எழுதக் கூடாது. பெயரையும் எடுக்கக் கூடாது, கோட்டையும் எடுக்கக் கூடாது. நில அளவைத் திணைக்களத்தின் அச்சுத் தாளைப் பார்த்து அப்படியே வரைவதும் கூடாது. உரிமம் தெளிவில்லாத ஒரு வரி நுழைந்தாலும் அந்தத் தொகுப்பையே, அதாவது ஒரு தடவையில் ஏற்றிய திருத்தங்கள் முழுவதையும், நீக்க வேண்டி வரும்.

#4 கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட பக்கத்தையும் சேருங்க தம்பிமார். 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீட்டர் நீளம், அதுக்கு முதல் நாங்க ‘பாதை’ எண்டு சொல்லுற மிதவைப் படகிலதான் ஆறு கடந்து திருமலைக்கு வந்தது. பெரிய பாலம் வந்தாப்பிறகு வெளியூர்க்காரர் நினைச்சாங்க கிண்ணியாவில தண்ணி கடக்கிற பிரச்சினை முடிஞ்சுதெண்டு. குறிஞ்சாக்கேணியில 2021 நவம்பர் 23ல என்ன நடந்ததெண்டு எல்லாருக்கும் தெரியும். பாலம் கட்டுறதுக்காகப் பழைய வழியை மூடி, சனம் மிதப்புப் பாதையில போய்வந்தது. அது கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நாங்க பறிகொடுத்தம்.

அதனால நான் கேக்கிறது இதுதான். வரைபடத்தில ஒரு கோட்டைப் போட்டு ‘வழி’ எண்டு மட்டும் எழுதாதீங்க. பாலமா, பாதையா, தோணியா, ஆள் மட்டுமா, மோட்டார் சைக்கிள் ஏறுமா, மாரியில ஓடுமா எண்டு எழுதுங்க. வெளியில இருந்து உதவிக்கு வாறவன் லொறியோட வந்து ஆத்தங்கரையில நிக்கக் கூடாது.

#5 வரைகோல்

நானா, நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி டேக், அதாவது விவரக் குறி, இருக்கிறது. பாதை ஓடும் தடத்தை ‘ஃபெரி’ என்று ஒரு கோடாக வரைந்து, நடப்பவர், மோட்டார் சைக்கிள், வாகனம் என்று தனித்தனியாக ஆம், இல்லை கொடுக்கலாம். கட்டுமானத்தில் இருக்கும் பாலத்தை ‘கட்டப்படுகிறது’ என்றே போட வேண்டும், திறந்த பிறகுதான் வீதியாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் வழிகாட்டும் செயலி இல்லாத பாலத்தின் மேல் ஆளை அனுப்பும். மழையில் மூழ்கும் வீதிக்கும் ‘வெள்ளம் ஏறும்’ என்ற குறி உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தோமே. எந்தத் துண்டு முதலில் மூழ்கியது, எது கடைசிவரை நின்றது என்று சனத்தின் ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது.

#6 திருக்கடலூர்_அலை

நானும் ஒண்டு சொல்லோணும். நான் கடலுக்குப் போறவன். எங்கட ஆக்களிட்ட ஜிபிஎஸ் கருவி கன காலமா இருக்குது. பார், அதாவது கடலுக்கடியில இருக்கிற பாறைத் திட்டு, எங்க கிடக்குது, எந்த மாசம் எந்தப் பாரில என்ன மீன் படும் எண்டு பாயிண்ட் அடிச்சு வைச்சிருக்கிறம். அப்பாவிட்ட இருந்து மகனுக்கு வாற சொத்து அது. தயவு செய்து அதை யாரும் வரைபடத்தில போட வேண்டாம். போட்டா அடுத்த நாளே வெடி போடுறவன் அங்க நிப்பான். வெளியூர்ப் பெரிய படகும் வரும். ஒரு பார் செத்தா அது திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும்.

கரையில உள்ளதைப் போடுங்கோ. தோணி இழுக்கிற இடம், கரைவலைப் பாடு, வாடி, ஐஸ் எடுக்கிற இடம், கரைக்கு வர ஏலாத கல்லுப் பக்கம், அதுகள் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. காத்துக்குள்ள மாட்டின வேற ஊர்த் தோணிக்கு எங்க கரை சேரலாமெண்டு தெரிஞ்சா உயிர் தப்பும். மீன் இருக்கிற இடம் வேற, கரை சேருற இடம் வேற.

#7 உவர்மலையான்

அண்ணை, இந்த இழையில இதுவரைக்கும் எனக்குக் கிடைச்ச மிகப் பெரிய விசயம் நீங்கள் சொன்னதுதான். திறந்த வரைபடம் எண்டா எல்லாத்தையும் திறக்க வேணுமெண்டில்லை. பாயிண்ட் ஒண்டையும் தொட மாட்டம். கரைவலைப் பாட்டுக்கும் சம்மாட்டிமாரிட்டயும் சங்கத்திட்டயும் கேட்டு, சரியெண்டாத்தான் போடுவம்.

#8 ஸ்காபரோ_திருமலை

கனடாவில இருந்து எழுதுறன். எனக்கு அங்க வந்து நடக்க வசதியில்லை. இரவில இருந்து செய்மதிப் படத்தைப் பாத்துக் கட்டடங்கள் வரையலாம். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில உலகம் முழுக்க இருந்து ஆக்கள் அப்பிடி வரைஞ்சுதான் போர்ட்-ஓ-பிரின்ஸ் வரைபடம் சில நாளிலயே வந்தது. பிங், எஸ்ரி தாற செய்மதிப் படங்களைப் பாத்து வரைய அனுமதி இருக்குது. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீடுகளை வரைஞ்சு குடுக்கட்டா?

#9 சம்பூர்_மகள்

அண்ணா, உங்கட மனசுக்கு நன்றி. ஆனா சம்பூரை வரையிறதுக்கு முதல் எங்களைக் கேளுங்கோ.

நாங்கள் 2006 இல போரால வெளிக்கிட்ட ஆக்கள். ஒரு பகுதி காணி 2015 இல விடுபட்டுத்தான் திரும்பி வந்தம். வந்து பாத்தா வீடில்லை, வேலியில்லை, வளவு எதெண்டே தெரியேல்லை. அப்பா எங்கட வளவைக் கண்டுபிடிச்சது கிணத்தை வைச்சுத்தான். கிணத்துக் கட்டில பெரியப்பா அலவாங்கால கீறின வருசம் அப்பிடியே இருந்தது. அந்தக் கிணத்தில இருந்து இத்தனை எட்டு கிழக்கால வீடு, அங்கால மாட்டுப் பட்டி எண்டு அளந்து அளந்து வேலி போட்டார். செய்மதிப் படத்தில அந்தக் கிணறு ஒரு கறுப்புப் புள்ளி. நீங்கள் வரையப் போற கூரைகள் எல்லாம் வந்தாப்பிறகு கட்டினது. ஆக்கள் இல்லாத வீடும் மேலயிருந்து பாக்க வீடுதான்.

எங்கட ஊருக்கு வேணுமானது பழைய கிணறுகள், கோயில்கள், குளக்கட்டுகள், வயல்வெளிகளின்ர பேர்கள். அறுபது எழுபது வயசு ஆக்களிட்டத்தான் அது இருக்குது. அவையள் இருக்கேக்கயே எழுத வேணும். கூரைகளை நீங்கள் வரையுங்கோ, நாங்கள் நடந்து பாத்து எது இருக்குது எது இல்லையெண்டு சொல்லுறம். அப்பிடிச் செய்தா ரெண்டு வேலையும் பிரயோசனப்படும்.

#10 ஸ்காபரோ_திருமலை

சரி தங்கச்சி. முதல்ல நீங்கள் சொல்லுங்கோ எந்தப் பக்கமெண்டு, அந்தத் துண்டை மட்டும் வரைஞ்சு, நீங்கள் பாக்கும் வரைக்கும் அடுத்த துண்டுக்குப் போக மாட்டன்.

#11 வரைகோல்

இப்போது கள வேலை. நான் நில அளவைத் தொழிலில் இருந்தவன், போன் ஜிபிஎஸ்ஸால் என்ன முடியும், என்ன முடியாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

திறந்த வெளியில், உதாரணமாக நிலாவெளிக் கடற்கரையில், சாதாரண போன் மூன்று முதல் ஐந்து மீட்டர் பிழைக்குள் இடம் காட்டும். சுவர்களுக்கு நடுவே, மரத்துக்குக் கீழே அந்தப் பிழை பல மடங்காகும். உவர்மலைச் சரிவு மாதிரி ஒரு பக்கம் வானம் மறையும் இடங்களிலும் அப்படித்தான். செய்மதிகளிலிருந்து வரும் அலை சுவரில் பட்டுத் தெறித்து நீண்ட வழியாக வந்து சேர்வதுதான் காரணம். அதனால் வெளிக்கிட்டவுடன் பதிவைத் தொடங்காதீர்கள். வானம் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, இடம் நிலைத்த பிறகு நடங்கள். போனைக் காற்சட்டைப் பைக்குள் வைக்காமல் கையிலோ தோளுயரத்திலோ வையுங்கள். ஒரு செக்கனுக்கு ஒரு புள்ளி பதியட்டும். பற்றரி சேமிப்பு முறையை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் திரை அணைந்தவுடன் பதிவும் நின்றுவிடும். ஒரே ஒழுங்கையைப் போகும்போதும் வரும்போதும் பதியுங்கள், வேறொருவரும் வேறொரு நாள் பதியட்டும். இரண்டு மூன்று தடம் ஒன்றாக விழும் இடத்தில்தான் வீதி.

பலருக்குத் தெரியாத ஒன்று: செய்மதிப் படமே சில மீட்டர் நகர்ந்து கிடக்கலாம். பிங் படத்தில் ஓரிடத்தில் இருக்கும் சந்தி எஸ்ரி படத்தில் சற்றுத் தள்ளி இருக்கும். படத்தைப் பார்த்து ஏற்கெனவே சரியாக இருக்கும் வீதியை இழுத்து நகர்த்தாதீர்கள். முதலில் ஜிபிஎஸ் தடங்களை மேலே போட்டு, படத்தை அதற்கேற்ப நகர்த்தி, பிறகுதான் வரைய வேண்டும். ஐடி, ஜோசம் இரண்டு தொகுப்பானிலும் அதற்கு வசதி இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் இடம் அனுப்புவது பற்றியும் ஒரு சொல். கிணற்றடியில் நின்று ‘இப்போதைய இடம்’ அனுப்பினால் அது உங்கள் போனின் அளவீடு, எடுக்கலாம். வீட்டிலிருந்தபடி அந்த வரைபடத்தில் விரலால் ஊசி குத்தி அனுப்பினால் அது கூகிளைப் பார்த்துப் படியெடுப்பது, எடுக்கக் கூடாது. அனுப்பும் எண்ணில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருக்கட்டும், அது ஏறக்குறைய ஒரு மீட்டர். நகரம் 8.57, 81.23 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை இடம் மாறிப் போகும்.

கிணற்றுக்கு என்ன எழுதுவது? குடிக்கலாமா, உவரா, பொதுவா தனியாரா, கையால் அள்ளுவதா பம்ப்பா, கோடையில் வற்றுமா. எங்கள் ஊரில் முப்பது அடி தள்ளி ஒரு கிணறு நன்னீர், அடுத்தது உவர். அதனால் ‘கிணறு’ என்று மட்டும் போட்டால் பாதி வேலைதான்.

#12 பாலையூற்று_ஆசிரியை

பிள்ளைகளை இதில் சேர்க்க விரும்புகிறேன். எல்லாப் பிள்ளையிடமும் போன் இல்லை, இருக்கவும் வேண்டாம். ‘ஃபீல்ட் பேப்பர்ஸ்’ என்ற முறையில் வரைபடத்தைத் துண்டு துண்டாகத் தாளில் அச்சிடலாம். பிள்ளைகள் தங்கள் வீதியில் நடந்து பேனாவால் எழுதி வருவார்கள், நாங்கள் பிறகு கணினியில் ஏற்றலாம். சுனாமி வந்த 2004 இல் இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. தங்கள் வீட்டிலிருந்து எந்த ஒழுங்கையால் மேட்டுக்குப் போவது என்று ஒவ்வொரு பிள்ளையும் தாளில் வரைந்து, பெற்றோரோடு ஒருமுறை நடந்து பார்த்தால், அதுவே எனக்குப் போதும்.

ஒரு வேண்டுகோள். தனியார் வீடுகளுக்கு ஆட்களின் பெயர் எழுத வேண்டாம். பெண்கள் தனியாக இருக்கும் வீடு எது என்பது ஊருக்குத் தெரிந்திருப்பது வேறு, உலகத்துக்குத் தெரிவது வேறு. படம் எடுத்தால் முகம், வாகன இலக்கம் விழாமல் எடுங்கள். மாப்பிலரி போன்ற வீதிப் படத் தளங்கள் அவற்றைத் தாமாகவே மங்கலாக்கும், ஆனாலும் எடுக்கும்போதே கவனமாக இருப்பது நல்லது.

#13 நிலாவெளி_தம்பி

சரி, எனக்கு விளங்கீற்றுது, நானும் வாறன். ஆனா ஒரு பயம். எங்கட ஊரில கடற்படை, விமானப்படை, கோட்டைக்குள்ள இராணுவம் எண்டு எல்லா இடமும் ஏதோ ஒண்டு இருக்குது. போனைப் பிடிச்சுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா நடந்தா ஆரும் நிப்பாட்டிக் கேட்டா என்ன சொல்லுறது?

#14 உவர்மலையான்

நல்ல கேள்வி தம்பி. வேலிக்கு உள்ள ஒண்டையும் வரைய மாட்டம், வேலிப் பக்கம் கமராவைத் திருப்பவும் மாட்டம். சீனன்குடாப் பக்கமும் டொக்யார்ட் பக்கமும் பொது வீதியோட நிப்பாட்டுறம். எந்தக் கிராமத்துக்குள்ள போறதுக்கு முதலும் அந்தப் பிரிவு ஜி.எஸ். எண்ட கிராம சேவகரிட்டயும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திட்டயும் போய்ச் சொல்லீற்றுத்தான் போவம். தனியாப் போறேல்லை, ரெண்டு பேராத்தான் போறது. அதில ஒராள் அந்த ஊர் ஆளா இருக்க வேணும். கேட்டா ஒளிக்க ஒண்டுமில்லை, போனைத் திறந்து காட்டலாம்.

#15 பார்வையாளன்_77

பெயர் விசயத்தில் சண்டை வரும், இப்போதே முடிவெடுங்கள். பலகையில் ஒரு பெயர், சனத்தின் வாயில் ஒரு பெயர், மற்ற மொழியில் வேறொரு பெயர். போன தடவை வேறொரு மாவட்டத்தில் ஒருவர் ஒரு மொழிப் பெயரை அழிக்க, மற்றவர் திருப்பிப் போட, அப்படியே இழுபட்டது.

#16 வரைகோல்

அழிப்பது கிடையாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்ப் பெயருக்கும் சிங்களப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. மூன்றையும் எழுதலாம், ஒன்று இன்னொன்றைத் தள்ளாது. பொதுவான பெயர்ப் புலத்தில் எது வர வேண்டும் என்பதற்கு அந்தத் திட்டத்தின் விதி, களத்தில் என்ன இருக்கிறதோ அது. பலகையைப் படம் எடுத்து வாருங்கள். சனம் சொல்லும் பெயரை உள்ளூர்ப் பெயர் என்ற புலத்தில் போடுங்கள். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று ஓட்டோக்காரர் சொல்வதும் அதில்தான் வரும், தேடினால் அந்த இடம் கிடைக்கும். யாராவது ஒரு பெயரை அழித்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இருக்கும். கோபப்பட்டு உடனே திருப்பிப் போடாமல், அந்தத் தொகுப்பின் கீழ் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள், பலகைப் படத்தைக் காட்டுங்கள். மற்ற மொழிக்காரரும் எங்களோடு நடக்க வந்தால் இன்னும் நல்லது. அவர்கள் வீதிப் பெயரை அவர்களே எழுதட்டும்.

#17 கிண்ணியா_நானா

வரைகோல் ஐயா சொன்னது சரி. எங்கட பக்கம் பள்ளிவாசல் நிர்வாகத்திட்ட நான் பேசுறன். முனைச்சேனையில இருந்து தொடங்கலாம்.

#18 உவர்மலையான்

எல்லாருக்கும் நன்றி. இப்ப முடிவுக்கு வாறன்.

மட்டக்களப்பில 2012 இல உலக வங்கியின்ர திட்டமொண்டில இந்த வரைபட வேலையைத் தொடங்கினவை. பிரதேச செயலகம், பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கட்டடம் கட்டடமாப் போட்டவை. எங்களிட்ட அந்தக் காசோ ஆள்பலமோ இல்லை, அதால அகலக் கால் வைக்க வேண்டாம். முதல்ல திருக்கடலூரில இருந்து மனையாவெளி வரைக்கும், ஒழுங்கைகளும் பொதுக் கிணறுகளும் தண்ணி நிக்கிற இடங்களும் மட்டும். கடை, ஹோட்டல் பிறகு பாக்கலாம். கிண்ணியாவில நானாவின்ர ஆக்கள் கடவைகளைப் பாக்கட்டும். சம்பூரில தங்கச்சி சொல்லுற ஒழுங்கில, பெரியாக்கள் சொல்லச் சொல்ல எழுதுவம், கூரை வேலை கனடாவில இருந்து நடக்கட்டும். ஏத்துற ஒவ்வொரு தொகுப்பிலயும் ‘நேரில் பார்த்தது’ எண்டா அப்பிடி எழுதுங்கோ, ‘செய்மதிப் படம்’ எண்டா அப்பிடி எழுதுங்கோ. பிறகு திருத்துறவருக்கு எதை நம்புறதெண்டு தெரிய வேணும்.

#19 சம்பூர்_மகள்

அண்ணா, ஒரு கேள்வி. அப்பாவிட்ட இருக்கிறது பழைய போன், இணையம் பிடிக்கிறது கஷ்டம். கிணத்தடியில நிண்டு பதிஞ்சா வீட்ட வந்து ஏத்தலாமா?

#20 வரைகோல்

தாராளமாக. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, செய்மதியைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஆஸ்மாண்டில் இலங்கை வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக் கொடுங்கள். கிணற்றடியில் புள்ளியைச் சேமித்து, அப்பா சொல்வதை அதிலேயே குரலாகப் பதியுங்கள். மூதூருக்கு வரும்போது கோப்பை அனுப்பினால் ஏற்றும் வேலையை நான் சொல்லித் தருகிறேன்.